கத்திரிக்காய் மேல் பழி போடாதீர்கள்

உடம்பில் திட்டுத் திட்டாகத் தடிக்கும், சொறியச் சொறியப் பரவும், காலையில் எழுந்து பார்த்தால் இருந்த இடமே தெரியாது. சாயங்காலம் வேறு இடத்தில் கிளம்பும். ஊர்ப்பக்கம் காணாக்கடி என்பார்கள், டாக்டர் சீட்டில் அர்டிகேரியா என்று இருக்கும். ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோகிற தொல்லை இது. வந்ததும் வீட்டில் முதலில் தொடங்குவது விசாரணை: நேற்று என்ன சாப்பிட்டாய்? கத்திரிக்காய், கருவாடு, முட்டை, தக்காளி, நிலக்கடலை என்று ஒவ்வொன்றாகத் தட்டை விட்டு வெளியேற்றப்படும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ரசம் சோறுதான் மிஞ்சியிருக்கும். தடிப்பும் போயிருக்காது.

இந்த விசாரணை சில பேருக்குப் பலன் தரும், பல பேருக்கு வெறும் தண்டனையாகவே முடியும். யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் தோலுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். ரத்த நுண்குழாய்களையும் நரம்பு நுனிகளையும் ஒட்டி மாஸ்ட் செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அடைத்த துகள்கள் நிறைந்திருக்கும். ஏதாவது சீண்டினால் செல் தன் துகள்களைக் கொட்டிவிடும். ஹிஸ்டமின் பட்டதும் நுண்குழாய் விரியும், அதன் சுவர் கசியும். கசிந்த நீர் ஊறித் தோலின் மேல்பகுதி எழும்புவதுதான் தடிப்பு. நரம்பு நுனி தூண்டப்படுவதால் அரிப்பும், சுற்றிலும் ஒரு சிவந்த வளையமும் வரும். கசிந்தது வெறும் நீர்தான் என்பதால் உடம்பு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் ஒரு தடிப்பு அரை மணி முதல் 24 மணி நேரத்துக்குள் தழும்போ கறையோ இல்லாமல் மறைகிறது. இதே கசிவு ஆழத்தில், உதட்டிலோ இமையிலோ நடந்தால் முகமே மாறிப்போகும். இதற்கு ஆஞ்சியோஎடிமா என்று பெயர். இதில் அரிப்பைவிட இறுக்கமும் வலியும்தான் கூடுதல், வடிய மூன்று நாள்கூட ஆகலாம்.

பாடப் புத்தகங்களில் 'சிவந்த தடிப்பு' என்றே படம் போட்டிருப்பார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தோலின் நிறத்திலேயே, அல்லது ஓரம் கொஞ்சம் கருத்து, மேடாக இருக்கும். ஜன்னல் பக்கம் சாய்ந்த வெளிச்சத்தில் நிற்க வைத்து, விரலால் தடவிப் பார்த்தால்தான் பிடிபடும். டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடுகிற நோயும் இதுதான். எனவே தடிப்பு இருக்கும்போதே, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'இப்படி இப்படி வந்துச்சு டாக்டர்' என்று பத்து நிமிடம் விவரிப்பதைவிட அந்தப் படம் பயன்படும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. புதிதாகக் கிளம்பிய ஒரு தடிப்பைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, நேரத்தைக் குறித்து வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் கோட்டுக்குள் ஒன்றும் இல்லையென்றால், வேறு நூறு இடத்தில் கிளம்பியிருந்தாலும் இது சாதாரணத் தடிப்புதான். அதே இடத்தில் அப்படியே நிற்கிறது, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகம், மறையும்போது கன்றிப்போன கறை விடுகிறது என்றால் ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். தோல் மருத்துவர் ஒரு சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டிய கேஸ் அது. குழந்தைகளின் காலில், நடுவில் சிறு புள்ளியோடு ஒரு வாரம் நிற்கும் கொப்புளங்கள் கொசு, மூட்டைப்பூச்சி வகையறா. விரலிடுக்கில், ராத்திரியில், வீட்டில் எல்லோருக்கும் அரித்தால் அது சொறிசிரங்கு. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இனி நாள் கணக்கு. ஆறு வாரத்துக்குள் அடங்கினால் திடீர் வகை, ஆறு வாரம் தாண்டினால் நாள்பட்ட வகை. ஏதோ காகிதத்துக்காகப் போட்ட எல்லைக்கோடு போலத் தோன்றும். ஆனால் காரணத்தைத் தேடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வதே இந்தக் கோடுதான்.

திடீர் வகையில் தேடலாம், பல நேரம் கிடைக்கவும் செய்யும். குழந்தைகளுக்கு முதல் காரணம் வைரஸ் காய்ச்சல்தான், சாப்பாடு அல்ல. சளி, காய்ச்சல் வந்த இரண்டு மூன்று நாளில் உடம்பெல்லாம் தடிக்கும். இங்கே ஒரு பெரிய குழப்பம் நேர்கிறது. காய்ச்சலுக்கு அமாக்ஸிசிலின் கொடுத்திருப்பார்கள். தடித்ததும் 'பென்சிலின் ஆகாது' என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். அந்தக் குறிப்பு ஆயுசுக்கும் கூடவே வரும். முறைப்படி சோதித்தால் அப்படி முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளும். முத்திரை விழுந்திருந்தால், நிதானமான ஒரு நாளில் அலர்ஜி நிபுணரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. நாமாகக் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

பெரியவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது மாத்திரை பற்றி. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் தடிப்பைக் கிளப்பும், ஏற்கெனவே நாள்பட்ட தடிப்பு இருப்பவர்களில் கணிசமான பேருக்கு அதைக் கூட்டும். இது பெரும்பாலும் வழக்கமான அலர்ஜி அல்ல, அந்த மருந்துகளின் வேலை முறையாலேயே வருவது. ஆகவே ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே குடும்பத்தில் இன்னொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் 'ஒரு செட்டு மாத்திரை' வாங்கிப் போட்டவர் அதில் டைக்ளோஃபெனாக் இருந்ததே தெரியாமல் ஒரு வாரம் கத்திரிக்காயைத் திட்டிக்கொண்டிருப்பார். பாராசிட்டமால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை செய்யாது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுபவர்களுக்குத் தடிப்பே இல்லாமல் உதடும் நாக்கும் மட்டும் வீங்கினால் கதை வேறு. அதில் வேலை செய்வது ஹிஸ்டமின் அல்ல, பிராடிகைனின் என்ற வேறொரு வேதிப்பொருள். அலர்ஜி மாத்திரை அதற்குக் கேட்காது. வருஷக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் சாப்பிட்ட பிறகும் வரலாம். நாக்கு வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அந்த மாத்திரையை நிறுத்தி வேறு வகைக்கு மாற்ற வேண்டும்.

சாப்பாட்டு அலர்ஜிக்கு இரண்டு கேள்விகள் போதும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்ததா? அதைச் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் இறால், நண்டு, முட்டை, பால், முந்திரி, கடலை எதுவானாலும் சந்தேகம் நியாயமானது. மதியம் சாப்பிட்ட கத்திரிக்காய்க் குழம்புக்கு மறுநாள் விடியற்காலை தடித்தது என்றால் கத்திரிக்காயை விட்டுவிடுங்கள், பாவம். விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று விசித்திரமானது: கோதுமை சாப்பிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது, சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ஓடினாலோ கடுமையாக உழைத்தாலோ உடம்பெல்லாம் தடித்து மயக்கம் வரை போகும். வலி மாத்திரையும் மதுவும் ஓட்டத்தின் இடத்தை நிரப்பிவிடும். சப்பாத்தியும் ஜிம்மும் ஒரே சாயங்காலத்தில் வருகிறவர்களுக்கு இப்படி நடந்தால் டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மீன் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், கடற்கரை ஊர்களில் இது நிறைய நடக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்ததும் ஐஸில் போடாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நம் மாஸ்ட் செல் செய்கிற வேலையை மீனே செய்து தட்டில் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மணம் நன்றாகவே இருக்கலாம். சில சமயம் நாக்கில் மிளகு போல ஒரு சுருக் தெரியும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, தடித்து, வயிறும் போகும். அடையாளம் எளிது: ஒரே மீனைச் சாப்பிட்ட பல பேருக்குச் சேர்ந்து வரும். இது மீன் அலர்ஜி அல்ல, கெட்ட மீன். இதற்காக ஒருவர் ஆயுசுக்கும் மீனை விட வேண்டியதில்லை. ஐஸ் போடாத கடையைத்தான் விட வேண்டும்.

தொட்டதால் வருவது தனி. கம்பளிப்பூச்சி மயிர், தோட்டத்துச் செந்தட்டி, ரப்பர் கையுறை எல்லாம் பட்ட இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு விசாரணை தேவையில்லை.

ஆபத்தான நேரத்தை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். தடிப்போடு குரல் கம்முவது, நாக்கோ தொண்டையோ வீங்குவது, மூச்சில் விசில் சத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, கண் இருட்டிக்கொண்டு மயக்கம், இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அனாஃபிலாக்ஸிஸ். அதற்கு முதல் மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில். அளவு கிலோவுக்கு 0.01 மி.கி., பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மி.கி. அதாவது 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூலில் பாதி. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் திரும்பப் போடலாம். அவில் என்ற பழைய அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் இதற்கு மாற்று அல்ல, அவை வேலையைத் தொடங்குவதற்குள் நேரம் போய்விடும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். 'கொஞ்சம் நட, காத்து வாங்கு' என்று எழுப்பி நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். வெறும் தடிப்பு மட்டும் இருந்தால், அது எவ்வளவு பரவியிருந்தாலும், இவ்வளவு பதற வேண்டாம்.

ஆறு வாரம் தாண்டியவர்களுக்கு

இங்கே விசாரணைக் குழுவைக் கலைத்துவிட வேண்டும். தினமும் அல்லது வாரத்தில் பல நாள், ஆறு வாரத்துக்கு மேல் வருகிற தடிப்புக்குச் சாப்பாட்டு அலர்ஜி காரணமாவது மிக மிக அரிது. பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மாஸ்ட் செல்லைச் சீண்டுகிறது. சிலருக்கு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் தைராய்டு புரதம் போன்ற சொந்தச் சரக்குக்கு எதிராகவே உருவாகியிருக்கும். சிலருக்கு ஐஜிஜி எதிர்ப்பொருள் மாஸ்ட் செல்லின் மேலுள்ள ஏற்பியையே, அதாவது சமிக்ஞை வாங்கும் இடத்தையே, போய்ப் பிடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்கு வருகிறது. தைராய்டுக் கோளாறும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. சராசரியாக இரண்டிலிருந்து ஐந்து வருஷம் இருந்துவிட்டுத் தானாகவே போய்விடும். சிலருக்கு அதற்கு மேலும் நீளும். இந்த ஒரு தகவலை முதல் நாளே சொல்லிவிட்டால் நோயாளி டாக்டர் டாக்டராக அலைய மாட்டார்.

சிலருக்கு மட்டும் இதற்கென்று ஒரு சாவி உண்டு. அந்தச் சாவியும் சாப்பாடு அல்ல. கையில் மொட்டைப் பேனாவால் ஒரு கோடு இழுத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். கோடு போட்ட இடம் கயிறு மாதிரி எழும்பி அரித்தால் உரசல் வகை. பாவாடை நாடா, பெல்ட், பை வார் அழுத்தும் இடமெல்லாம் தடிப்பதும், குளித்துவிட்டுத் துண்டால் தேய்த்ததும் கிளம்புவதும் இதனால்தான். வியர்க்கும்போது, காரசாரமாகச் சாப்பிடும்போது, கோபத்தில் சூடேறும்போது, ஊசிமுனை அளவில், 1 முதல் 3 மி.மீ., நூற்றுக்கணக்கில் குத்தலோடு வந்தால் வியர்வை வகை. ரொம்ப நேரம் நடந்த பிறகு பாதம், சுத்தியல் பிடித்த பிறகு உள்ளங்கை, நாலைந்து மணி நேரம் கழித்து வீங்கினால் அழுத்த வகை. இதில் வேலைக்கும் வீக்கத்துக்கும் இடையில் நேரம் ஓடிவிடுவதால் சம்பந்தம் யாருக்கும் தோன்றாது.

குளிர் வகைதான் கவனிக்க வேண்டியது. மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டியைப் போட்டு முன்கையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். அந்த இடம் கட்டியின் வடிவத்திலேயே எழும்பியிருந்தால் குளிர் வகை. இதை கிளினிக்கில் செய்வதே நல்லது. இவர்கள் குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நிற்பதோ, குளிர்ந்த கிணற்றில் குதிப்பதோ விளையாட்டல்ல. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஹிஸ்டமின் கொட்டினால் தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடலாம். ஐஸ்கிரீமால் தொண்டை வீங்குவதும் உண்டு.

சரி, பரிசோதனை? முழு ரத்த எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, இவை போதும். நிபுணர் கூடவே மொத்த ஐஜிஇ-யும் தைராய்டு எதிர்ப்பொருளும் பார்ப்பார். ஈஸ்னோஃபில் என்ற வெள்ளையணு எகிறியிருந்தால் குடற்புழுவை யோசிக்கலாம். 'நூறு பொருள் அலர்ஜி பேனல்' என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிற டெஸ்ட் நாள்பட்ட தடிப்புக்குத் தேவையில்லை. அதில் வரும் 'பாசிட்டிவ்' ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. தினமும் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவருக்கும் பாசிட்டிவ் வரும். சாப்பாட்டுக்கு ஐஜிஜி பார்க்கும் டெஸ்ட் அதைவிட மோசம்: அது நீங்கள் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டுகிறது. தட்டிலிருந்து முப்பது பொருளைக் கழிக்கும் அந்த அச்சடித்த தாளால் தடிப்பு நின்றதைவிட ஆள் இளைத்ததுதான் அதிகம்.

மாத்திரைக் கணக்கு

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். அரிப்பு வந்ததும் ஹிஸ்டமினைத் தடுக்கும் அலர்ஜி மாத்திரை ஒன்று போடுவார்கள், அடங்கும், விடுவார்கள், மறுநாள் திரும்ப வரும். 'மாத்திரை கேட்கலை' என்பார்கள். ஹிஸ்டமின் ஏற்பியில் உட்காருவதற்கு முன்பே மாத்திரை அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தடுக்கும். ஏற்கெனவே கசிந்த நீரை அது திரும்ப உறிஞ்சாது. ஆகவே தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும்.

எந்த மாத்திரை? அவ்வளவாகத் தூங்க வைக்காத இரண்டாம் தலைமுறை வகை. பெரியவர்களுக்கு ஒரு நாள் அளவு: செட்டிரிசின் 10 மி.கி., லெவோசெட்டிரிசின் 5, லொராடடின் 10, ஃபெக்ஸோஃபெனடின் 180, பிலாஸ்டின் 20. இதில் செட்டிரிசின் குடும்பம் கொஞ்சம் தூங்க வைக்கும், கிட்னிக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பிலாஸ்டினைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் பின்னால் போட வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டு மேலே போட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீண். ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்காதீர்கள், உறிஞ்சுவது குறையும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த ஆன்டாசிட்டோடும் வேண்டாம், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தண்ணீர் போதும். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகத் தேர்ந்தெடுப்பது லொராடடின் அல்லது செட்டிரிசின். அவில், சிபிஎம் (குளோர்ஃபெனிரமின்), ஹைட்ராக்ஸிசின் போன்ற பழைய வகைகள் மூளைக்குள் போய்த் தூங்க வைக்கும். வண்டி ஓட்டுபவர்களுக்கும், புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்களுக்கும் அவை ஆகாது.

இரண்டு முதல் நான்கு வாரம் இப்படிப் போட்டும் அடங்காவிட்டால் அதே மாத்திரையை நான்கு மடங்கு வரை உயர்த்தலாம் என்று சர்வதேச வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. லேபிளில் இல்லாத அளவு என்பதால் டாக்டர் பார்வையில்தான் செய்ய வேண்டும். பலருக்கு இந்தப் படியிலேயே விடிவு வந்துவிடும். நான்கு கம்பெனி மாத்திரையைக் கலந்து போடுவதைவிட ஒன்றையே உயர்த்துவது சரி. நம் ஊரில் கவனிக்க வேண்டியது ஒன்று: லெவோசெட்டிரிசினோடு மாண்டிலூகாஸ்ட் என்ற ஆஸ்துமா மருந்து சேர்த்த கூட்டு மாத்திரைதான் எங்கும் கிடைக்கும். அதை இரண்டு, மூன்றாக உயர்த்தினால் மாண்டிலூகாஸ்டும் சேர்ந்து உயரும். தடிப்புக்கு அதன் பலன் சொற்பம். மனநிலை மாற்றம், தற்கொலை எண்ணம் பற்றி 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதன் அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் செய்தது. உயர்த்துவதானால் தனி லெவோசெட்டிரிசினாக வாங்குங்கள்.

அடங்குகிறதா என்று தெரிய ஒரு காலண்டர் போதும். தினமும் தடிப்புக்கு 0 முதல் 3 (இல்லை என்றால் 0, இருபதுக்குள் 1, ஐம்பது வரை 2, அதற்கு மேல் 3), அரிப்புக்கு 0 முதல் 3 மார்க். ஏழு நாளைக் கூட்டினால் 42-க்கு எவ்வளவு என்று வரும். ஆறும் அதற்குக் கீழும் நல்ல கட்டுப்பாடு, 28-உம் அதற்கு மேலும் கடுமை. 'பரவாயில்லை டாக்டர்' என்பதைவிட இந்த எண் மருந்தை மாற்ற உதவும்.

ஸ்டீராய்டு ஊசி பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லலாம். டெக்ஸாமெத்தசோன் போட்டால் அன்று ராத்திரி அற்புதமாகத் தூக்கம் வரும். அதனாலேயே அது ஆபத்து. விளைவு போனதும் தடிப்பு திரும்பும், மறுபடி ஊசி, மறுபடி. சில மாதத்தில் சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு தேயும். கடுமையான தருணத்தில் பிரெட்னிசோலோன் பத்து நாளுக்கு மிகாமல் கொடுப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் கொடுப்பது இந்த நோய்க்கு வைத்தியமே அல்ல. வெற்றிலை, மிளகு, அறுகம்புல் சாறு பற்றியும் கேட்பார்கள். திடீர் வகை எப்படியும் சில நாளில் அடங்கிவிடும், கடைசியாக எதைக் குடித்தோமோ அது பெயர் வாங்கிக்கொள்ளும். வழக்கமான அளவில் பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை, ஆனால் நாள்பட்ட வகையில் மாத்திரையை நிறுத்திவிட்டு அதை நம்பக் கூடாது. காலமைன் லோஷனும் ஈரத் துணியும் அரிப்பைத் தணிக்கும் (குளிர் வகைக்கு ஈரத் துணி வேண்டாம்). வெந்நீர்க் குளியல், இறுக்கமான எலாஸ்டிக், மது மூன்றும் கூட்டும்.

நான்கு மடங்கிலும் அடங்காதவர்களுக்கு ஓமலிசுமாப் ஊசி: நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி., தோலுக்கடியில். அமெரிக்காவில் 2014-லிருந்து நாள்பட்ட தடிப்புக்கு அனுமதி உள்ளது. சிலருக்கு முதல் வாரத்திலேயே தெரியும், சிலருக்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும், அதற்குள் 'வேலை செய்யவில்லை' என்று விட்டுவிடக் கூடாது. விலைதான் தடை. அதற்கும் கேட்காதவர்களுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின், ரத்த அழுத்தத்தையும் கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் அடிக்கடி பார்த்துக்கொண்டே. 2025-ல் அமெரிக்காவில் டூபிலுமாப் ஊசியும் ரெமிப்ரூட்டினிப் மாத்திரையும் இந்த வரிசையில் சேர்ந்திருக்கின்றன.

நிறுத்துவது எப்போது? முழுக்க அடங்கி, ஒரு தடிப்பும் இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் போக வேண்டும். பிறகு தினசரி அளவில் மாதத்துக்கு ஒரு மாத்திரைக்கு மேல் குறைக்கக் கூடாது. நாளுக்கு நான்கு போடுகிறவர் முதல் மாதம் மூன்று, அடுத்த மாதம் இரண்டு என்று இறங்கலாம். நடுவில் திரும்பக் கிளம்பினால் கடைசியாக எந்த அளவில் அடங்கியிருந்ததோ அதற்கே திரும்பி, இன்னும் சில மாதம் அங்கேயே இருக்க வேண்டும். இத்தனை நாளும் கத்திரிக்காய்க் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம்.